சோடா தொட்டி காலி

எச்சரிக்கை வரவே இல்லைங்க என்றார் சென்னியப்பன்.

வந்திருந்தது.
மூன்று நாளாக வந்துகொண்டேதான் இருந்தது,
சிவப்பில், தடித்த எழுத்தில், நான் சொன்ன இடத்தில்:
இடமிருந்து நானூறு புள்ளி, மேலிருந்து முந்நூறு.
அதன்மேல் லாட் பட்டியலைப் போர்த்தியதும் நான்தான்.

இரவு பதினொன்றரைக்கு மங்கலம் சாலையில் வண்டியை விட்டேன்.
பட்டறை வாசலில் ஈரக் குவியலாகக் கிடந்தது
நானூற்றிருபது கிலோ.
மரூனாக உள்ளே போன துணி
வெற்றிலை துப்பியபின் கொப்பளிக்கிற
கடைசி வாய்த் தண்ணீர் நிறத்தில் வெளியே வந்திருந்தது.
சோடா சேராத சாயம் நூலைப் பிடிக்காது.
சோடா இல்லை என்று திரைக்குத் தெரியும்.
திரையைப் பார்த்தவளுக்குத் தெரியாது.

கணினிக்குப் பூச்சியம் மேல் இடது மூலை.
வரைபடத்தில் நொய்யலுக்கும் அந்தப் பக்கம்தான், வெள்ளியங்கிரியில்.
கிழக்கே போகப் போக எண் கூடும்.
கீழே இறங்க இறங்கவும் கூடும்;
கல்லூரியில் இது என் மண்டையில் ஏற ஒரு வாரம் ஆயிற்று.
ஆயிரத்து இருநூறு அடிக்குக் குழாய் இறக்குகிற ஊரில்
வேறு யாருக்கும் இது புதிதாக இருந்திருக்காது.

மூன்றாவதாக ஓர் எண் உண்டு.
நீளம் இல்லை, அகலம் இல்லை.
யார் மேலே, யார் அடியில்,
அவ்வளவுதான் அது.
அடியில் போனது அழிவதில்லை.
முழுதாக வரையப்படுகிறது, ஓரத்து நிழல் உட்பட.
பிறகு அதன்மேல்
அடுத்தது வரையப்படுகிறது.

என் மேசையில் இருபத்தேழு அங்குலத் திரை.
அங்கே பட்டியல், எச்சரிக்கையை விட்டு
நாகரிகமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தது.
இங்கே பழைய சதுரப் பெட்டி.
சென்னிமலைத் தேருக்குப் போகிற பேருந்து மாதிரி
மடிமேல் மடி.

நவமணி இரவு ஷிப்ட். நகக்கண்ணில் நீலம்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
அவள் திரையின் கீழ்க்கோடியைத் தொட்டுக் காட்டினாள்:
'இந்தப் பொத்தான அமுக்குனா ஒண்ணும் ஆகறதில்லீங்க.
ஒரு வாரமா. மொதலாளிகிட்டச் சொன்னனுங்க.'

நிறமே இல்லாத ஒரு சட்டத்தை
அந்தப் பொத்தான்மேல் மறந்து விட்டிருந்தேன்.
பார்வையை விடும், விரலை விடாது.
சென்னியப்பன் அறைக்கும் அப்படி ஒரு சுவர்,
உள்ளே உட்கார்ந்தால் பட்டறை முழுக்கத் தெரியும்.

பட்டியலை அடியில் தள்ளினேன்.
சட்டத்தை அழித்தேன்.
எச்சரிக்கையை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று
எண் கொடுத்தேன்.
அது பயந்தவர்கள் கொடுக்கிற எண்.

துணி யார் கணக்கு என்று இன்னும் பேச்சு எடுக்கவில்லை.
தேநீர் வந்தது. ஆறியது.

அப்புறம்தான் பார்த்தேன், வலது ஓரத்தில்,
கண்ணாடிமேல் செல்லோடேப் ஒட்டிய ஒரு துண்டுத்தாள்.
பால்பாயிண்ட் எழுத்து:
சோடா. ரெண்டு மணி. நாலு மணி. ஆறு மணி.
ரெண்டு மணிக்கு நேராக
ஏற்கெனவே ஒரு டிக் போட்டிருந்தாள்,
மதியத்து ரெண்டு.
தாளுக்கு அடியில் என் 'சேமி' பொத்தான் பாதி மறைந்து கிடந்தது.

'நேத்து ஒட்டுனதுங்க. எடுத்தரட்டுங்களா?'

நான் எந்த எண்ணை எழுதினாலும்
அதற்குமேல்தான் அந்தத் தாள் இருக்கும்.

வேண்டாம் என்றேன்.
'சேமி'யை இடப்பக்கம் நூற்றிருபது புள்ளி நகர்த்தினேன்.
திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
தாளின் விளிம்பு இன்னும் கொஞ்சம் இடித்தது.
இன்னொரு எட்டுப் புள்ளி.